நல்லா ஓடுற கம்பெனிய ஏன் வெளிநாட்டுக்கு தூக்கிட்டு போறாங்க? கூலி மட்டும் தான் காரணமா?

தங்கச்சிமடத்தான்:

அண்ணமாரே அக்காமாரே ஒரு சந்தேகம், தெரிஞ்சவுக சொல்லுங்க. எங்க சித்தப்பா மகன் ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனில லைன்ல இருக்கான், கம்பெனி பேரு வேணாம். இம்புட்டு நாளும் ஓவர்டைம் போட்டு ஓடுன எடம், இப்ப ரெண்டு லைனை பிரிச்சு பெட்டி கட்டி வியட்நாமுக்கு அனுப்பப் போறாங்களாம். நஷ்டம்னா சரி, மூடிட்டான்னு விட்டுறலாம். ஆர்டர் இருக்கு, லாபமும் இருக்கு, எச்ஆர்ல மீட்டிங் போட்டு நல்லா போகுதுன்னு தான் சொல்லிருக்காக. பெறகு எதுக்கு போறான்?

யூடியூப்ல பாத்தா அமெரிக்காக்காரன் எங்க வேலையெல்லாம் சீனாக்காரனும் இந்தியாக்காரனும் கொண்டு போய்ட்டான்னு அழுவுறான், இங்கிட்டு பாத்தா நம்ம வேலைய வியட்நாம்காரன் கொண்டு போறான், அப்ப யாருக்கு தான் வேலை நிக்குது? இன்னொன்னு, கூலி கம்மின்னு தான் போறாங்கன்னா எங்க ராமநாதபுரம் பக்கம் வரலாம்ல, இங்க என்ன சம்பளம் குடுத்தாலும் நான் நீன்னு ஆளு நிக்கும். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஐஸ் கம்பெனில கணக்கு எழுதுற ஆளு நான். பாம்பன்ல புது ரயில் பாலமே வந்துருச்சு, ஒரு கம்பெனி வரக்காணோம்.

கிழக்குத்தெரு:

சிம்பிள் ப்ரோ, பேராசை. பத்து ரூவா லாபம் வந்தா பதினஞ்சு வேணும்பான். சங்கம் இல்லாத ஊரு, கேள்வி கேக்காத ஆளு, சட்டம் தூங்குற நாடு எங்க இருக்கோ அங்க போயிருவான். இதுல யோசிக்க ஒன்னுமில்ல.

கீழக்கரை காக்கா:

தம்பி, மேல சொன்னது பாதி தான். லாபம் பாக்கத்தான் எல்லாவனும் கடை போட்டுருக்கான், அது எல்லாத்துக்கும் பொது, அப்ப ஒரு வேலை போகுது பக்கத்து வேலை போகாம நிக்குதே அது ஏன்னு பேராசைய வச்சு சொல்ல முடியாதுல்ல.

நான் ஹாங்காங்ல ஒரு பையிங் ஆபீஸ்ல (வெளிநாட்டு கடைக்காரனுக்காக ஃபேக்டரில சரக்கு வாங்கிக் குடுக்குற எடம்) இருக்கேன், பை, பெல்ட், செருப்பு இந்த ஐட்டம். வாங்குறவன் எங்ககிட்ட கேக்குறது ஒரே நம்பர் தான், என் ஊரு குடோன்ல வந்து இறங்குறப்ப பீசுக்கு மொத்தம் எவ்வளவு விழும்? கூலிங்கிறது அந்த கணக்குல ஒரு வரி. மத்தது தோலு, பசை, ஜிப்பு, கரண்டு, கழிச்சு போடுற பீசு, லாரி, கப்பல், அங்க கட்டுற இறக்குமதி வரி, சரக்கு கடல்ல மிதக்குற வரைக்கும் முடங்கி கிடக்குற பணத்துக்கு வட்டி, லேட்டாச்சுன்னா ஏர்ல அனுப்புற தண்டம். 2009ல ஐபோன் 3ஜி ஒன்னு செய்ய ஆன செலவை கிழிச்சு கிழிச்சு பாத்தாங்க, மொத்தம் சுமார் 179 டாலர், அதுல சீனாவுல கோத்து முடிக்கிறதுக்கு ஆனது 6.50 டாலர். பாக்கி எல்லாம் ஜப்பான், கொரியா, ஜெர்மனின்னு எங்கெங்கயோ இருந்து வந்த சாமானோட விலை. அந்த ஆறரை டாலரை பாதியாக்குறதுக்காக மட்டும் ஒருத்தன் ஃபேக்டரிய தூக்க மாட்டான், சாமான் செய்யுறவன் எல்லாம் சுத்தி இருக்குற எடத்துல போய் உக்காருவான். சீனாவுல டோங்குவான்ங்கிற ஊர்ல ஒரு பக்கிள் அச்சு உடைஞ்சா மூணாவது தெருவுல ஆளு இருக்கான் செஞ்சு குடுக்க, அதே அச்சு வேற நாட்டுல உடைஞ்சா கூரியர்ல வர்ற வரைக்கும் லைன் சும்மா நிக்கும், ஆளுக்கு சம்பளம் ஓடும்.

இன்னொரு விசயம், கூலின்னு சொல்றப்ப ஆளுக்கு எவ்வளவுன்னு பாக்காதீங்க, பீசுக்கு எவ்வளவுன்னு பாருங்க. ரெட்டை சம்பளம் வாங்குறவன் மூணு மடங்கு பீசு எடுத்தா அவன் தான் சீப்பு.

இதெல்லாம் நடக்குறதுக்கு மொத வழி போட்டது கண்டெய்னர். 1956 ஏப்ரல்ல மால்காம் மெக்லீன்னு ஒரு லாரி கம்பெனி முதலாளி ஐடியல் எக்ஸ்னு ஒரு பழைய எண்ணெய் கப்பல் மேல பெட்டி பெட்டியா ஏத்தி நியூவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்புனாரு, மூட்டை மூட்டையா ஆளு வச்சு ஏத்துனா டன்னுக்கு 5.83 டாலர் ஆன ஏத்துக்கூலி 16 சென்ட்டுக்கு வந்துருச்சு. அதுக்கு முன்னாடி தூரமே ஒரு செவுரு மாதிரி நின்னுச்சு, உள்ளூர் ஃபேக்டரிய காப்பாத்துச்சு. அந்த செவுரு போச்சு.

அப்புறம் வரி. இது தான் உங்க தம்பி விசயத்துல பெரும்பாலும் இருக்கும்னு தோணுது. வியட்நாமுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒப்பந்தம் 2020 ஆகஸ்ட்ல அமலுக்கு வந்துச்சு, வரி படிப்படியா குறையுது. பங்களாதேஷ் துணிக்கு ஐரோப்பாவுல வரியே இல்ல, ரொம்ப ஏழை நாடுங்கிற கணக்குல, நம்ம திருப்பூர் துணி பத்து சதவீதத்துக்கு பக்கத்துல கட்டிட்டு நிக்கும். பத்து சதவீதம்னா இந்த யாவாரத்துல அது தான் முழு லாபமே. இல்லன்னா இன்னொரு காரணம், அந்த பார்ட்ஸை வாங்குற பெரிய கம்பெனி வியட்நாம்ல பிளான்ட் போட்டுருக்கும், நீயும் வா, காலைல கேட்டா சாயங்காலம் சரக்கு வேணும்னு கூப்பிட்டுருக்கும். கூப்பிட்டா போய்த்தான் ஆகணும், போகலன்னா அங்கயே வேற ஒருத்தன் ரெடியா இருப்பான்.

நம்ம ஊருக்கு ஏன் வரலன்னு கேட்டீங்க. கோவப்படாதீங்க, நானும் கீழக்கரைல பொறந்தவன் தான். பாக் நீரிணை பக்கம் ஆழமே கிடையாது, சேது கால்வாய் 2005ல தொடங்கி என்னாச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா 1986ல இருந்து கடல் தேசியப் பூங்கா, 21 தீவு, அங்க துறைமுகம் கழிவுநீர் குழாய்னு பேச முடியாது, பேசவும் கூடாது. சரக்கு தூத்துக்குடிக்கு போகணும், அங்க இருந்து நெறைய பெட்டி கொழும்புக்கு போய் பெரிய கப்பல் மாறணும். குடிக்கவே காவிரி கூட்டுக்குடிநீரை நம்பி இருக்கோம், சாயப்பட்டறைக்கும் தோல் ஷாப்புக்கும் எங்க போறது. தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்னு ஆபீசருங்கள மிரட்டுறது சும்மா இல்ல. சம்பளம் கம்மிங்கிறத வர்றவன் கடைசியில தான் பாப்பான், அதுக்கு முன்னாடியே நம்ம பேரை அடிச்சிருப்பான்.

தங்கச்சிமடத்தான்:

அப்ப நமக்கு எதுவுமே வராதா காக்கா? பக்கத்துல தூத்துக்குடிக்கு வின்ஃபாஸ்ட் வந்துச்சே, அது வியட்நாம் கம்பெனி தானே, எங்க தம்பி லைன் அங்கிட்டு போகுது அவன் கார் ஃபேக்டரி இங்கிட்டு வருது, தலை சுத்துது.

உப்பூர் அண்ணாச்சி:

அது வேற கணக்கு தம்பி. சீப்பா செய்யுறதுக்கு போறது ஒன்னு, விக்கிறதுக்காக போறது ஒன்னு. வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட்ல தூத்துக்குடில தொறந்தது இங்க கூலி கம்மின்னு இல்ல, வியட்நாம்ல செஞ்ச காரை கப்பல்ல கொண்டாந்து இறக்குனா பொதுவா 70 சதவீதம் அதுக்கும் மேல சுங்கம், அந்த விலைக்கு இங்க எவன் வாங்குவான். அதான் ஃபேக்டரியவே உள்ள கொண்டாந்து வச்சுட்டான். ஹூண்டாய் 1998ல இருங்காட்டுக்கோட்டைல காரை வெளிய விட்டதும் அதே கதை தான், மொத நோக்கம் இந்தியால விக்கிறது, பெறகு தான் இங்க இருந்து ஏற்றுமதி. கார் மாதிரி கனமான பெரிய சாமான் எல்லாம் விக்கிற எடத்துக்கு பக்கத்துல செய்யத்தான் பாப்பான். சட்டை, செருப்பு, சார்ஜர் இதெல்லாம் பெட்டிக்குள்ள ஆயிரக்கணக்குல போகும், அது எங்கிட்டு வேணா போகும்.

மண்டபம் அக்கா:

ஏன் தம்பி நம்ம கரைக்கு ஒன்னுமே வரலங்கிறீக, எங்களுக்கு வந்துச்சே. அமெரிக்காவுல இருந்தே வந்துச்சு, நீங்க யாரும் அதை கம்பெனின்னு கணக்குல எடுக்கல அம்புட்டு தான்.

நான் நண்டு கம்பெனில சதை எடுக்குற வேலை பாத்தவ, இப்ப பிள்ளைகளை வச்சு வேலை வாங்குற எடத்துல இருக்கேன். நீலக்கால் நண்டு போட்டுல இருந்து வந்ததும் எடை போட்டு ஆவில அவிச்சு ஆற வச்சு, ஓட்டை பிரிச்சு சின்ன கத்தியால சதைய எடுத்து தரம் தரமா பிரிக்கணும். பின்னாடி துடுப்பு மாதிரி இருக்குல்ல அந்த கால் சேர்ற எடத்துல இருக்குற பெரிய துண்டுக்கு தான் அதிக விலை, அதை ஜம்போன்னு சொல்லுவோம், உடையாம முழுசா வரணும், உடைஞ்சா அடுத்த தரத்துக்கு இறங்கிரும் கூலியும் இறங்கிரும். பெறகு ஐஸ் பெட்டில அடுக்கி பெரிய ஃபேக்டரிக்கு போகும், அங்க டின்ல அடைச்சு சூடு காட்டி குளிர் கண்டெய்னர்ல அமெரிக்கா. அங்க அதை வச்சு வடை மாதிரி ஒன்னு பண்ணுவாக.

இந்த வேலை முன்னாடி எங்க இருந்துச்சு தெரியுமா? மேரிலாண்டுன்னு ஒரு மாநிலம், செசபீக் வளைகுடா, அந்த ஊரு பொம்பளைக கூட்டமா உக்காந்து அந்த ஊரு நண்டுல இதே மாதிரி எடுத்துட்டு இருந்தவுக தான். எம் மக காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுத்தா, வீட்ல வந்து வாய் ஓயாம இதையே பேசுவா, அதான் எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் ஹோட்டல் வச்சிருந்த பிலிப்ஸ்னு ஒரு குடும்பம் (பல்பு பிலிப்ஸ் இல்ல, இது வேற) 1990 வாக்குல பிலிப்பைன்ஸ்ல போய் நண்டு சதை எடுக்க தொடங்குனாக. மேரிலாண்டுல நண்டு கம்மியாயிட்டு வந்துச்சு, குளிர் காலத்துல சுத்தமா கிடைக்காது, உக்காந்து எடுக்க ஆளும் கிடைக்கல. பிலிப்பைன்ஸ்ல இருந்து இந்தோனேசியா தாய்லாந்துன்னு பரவி நம்ம பாக் கடலுக்கும் வந்துருச்சு. 2000ல அந்த ஊரு நண்டு கம்பெனிக்காரவுக வெளிநாட்டு நண்டு வரவை கட்டுப்படுத்துங்கன்னு அவுக வர்த்தக கமிஷன்ல போய் நின்னாக, எடுபடல.

இதுல பெரிய கூத்து, அங்க மிச்சம் இருக்குற நண்டு கம்பெனிகளுக்கு சதை எடுக்க வர்றது மெக்சிகோ பொம்பளைக. சீசன் விசால வந்து சீசன் முடிஞ்சதும் போயிருவாக. 2018ல குலுக்கல்ல விசா விழாம சில கம்பெனி தொறக்கவே முடியாம கிடந்துச்சாம். ஆக ஒன்னு வேலை ஆளைத் தேடி வரணும், இல்ல ஆளு வேலையத் தேடி போகணும். நம்ம ஆம்பளைக சவுதிக்கு போறாக, எங்களுக்கு வேலை இங்கயே வந்துச்சு.

காக்கா சொன்ன கணக்கு தான் இதுலயும், கூலி கம்மின்னு மட்டும் வரல. கூலி கம்மியா இருக்குற ஊரு உலகத்துல ஆயிரம் இருக்கும், நண்டும் இருந்து எடுக்குற கையும் இருக்கணும். நண்டு செத்து ரொம்ப நேரம் கிடந்தா சதை குழைஞ்சு போகும், அதுனால கரையில தான் அவிக்கணும், அதான் எங்க தெருவுக்கே வந்துச்சு. மெசின்ல எடுத்தா துண்டு உடைஞ்சு மாவாயிருது.

ஆனா ரொம்ப சந்தோசப்பட்டுறாதீக. கிலோவுக்கு தான் கூலி, நண்டு வரலன்னா காசு இல்ல. தடைக்காலம், புயலு, போட்டு ஸ்ட்ரைக்கு எதுனாலும் வீட்ல தான். பிஎஃப் எல்லாருக்கும் கிடையாது. கையெல்லாம் கீறி உப்புத்தண்ணி பட்டு எரியும். அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்ட் கடைசில நம்ம சரக்குக்கு 50 சதவீதம்னு வரி போட்டப்ப இந்தோனேசியாவுக்கு 19 தான். வாங்குறவன் என்ன பண்ணுவான் சொல்லுங்க, அதே நண்டு அங்கயும் இருக்கு. பெறகு பேச்சுவார்த்தை அது இதுன்னு மாறிக்கிட்டே இருக்கு, ஆனா அந்த நேரம் எங்க ஏரியால பயந்த பயம் எங்களுக்கு தான் தெரியும். இன்னொன்னு நம்ம ஆளுக சினை நண்டு, குஞ்சு நண்டுன்னு பாக்காம அள்ளுறாக, சின்ன கண்ணு வலைய போட்டு. சரக்கு வத்திட்டா எந்த வரியும் இல்லாமயே கம்பெனி கிளம்பிரும், மேரிலாண்டுக்கு ஆன மாதிரி தான்.

கிழக்குத்தெரு:

அக்கா நீங்க சொன்னதுலயே இருக்கே, பிஎஃப் இல்ல, நண்டு இல்லன்னா காசு இல்ல. இது தான் நான் சொன்னது. அங்க சட்டப்படி குடுக்கணும், இங்க குடுக்க வேணாம், அதான் வந்தான். 2013ல டாக்கா பக்கம் ராணா பிளாசா இடிஞ்சு 1,134 பேரு செத்தாங்க, மொத நாளே செவுத்துல விரிசலை பாத்துட்டு வெளிய வந்தவங்கள மறுநாள் உள்ள போகச் சொன்னாங்க. யாரோட துணி தச்சாங்க அங்க? எல்லாம் பெரிய பெரிய வெளிநாட்டு பிராண்டு. வட்டி, கப்பல், வரின்னு காக்கா அழகா கணக்கு போடுறாரு, அந்த கணக்குல இந்த உயிரு எந்த வரில வருது?

கீழக்கரை காக்கா:

வரலப்பா, எந்த வரிலயும் வராது, அதை நான் மறைக்கல. வாங்குறவன் ஒவ்வொரு சீசனும் பீசுக்கு நாலு சென்ட் குறைன்னு நெருக்குவான், ஃபேக்டரிக்காரன் எங்க குறைப்பான், தோல் விலைய குறைக்க முடியாது, கப்பல் வாடகைய குறைக்க முடியாது, குறைக்க முடிஞ்சது ஆளு, கட்டடம், பாதுகாப்பு. நீ சொல்றது அந்த அளவுக்கு உண்மை.

ஆனா கூலியும் சட்டமும் மட்டும் தான்னு சொன்னா நோக்கியாவை எப்படி சொல்லுவ? ஜெர்மனில போஹும்ங்கிற (Bochum) ஊர்ல இருந்த ஃபேக்டரிய 2008ல மூடுனான், கூலி ஜாஸ்தின்னு, ருமேனியால குளூஜ்னு ஒரு ஊருக்கு போனான். ஐரோப்பாவுல கூலி ரொம்ப கம்மியான எடங்கள்ல ஒன்னு அது, சரியா? 2011ல அதையும் மூடுறேன்னு சொல்லிட்டான். காரணம் பார்ட்ஸ் செய்யுறவன் பூராம் ஆசியால, வாங்குற ஜனமும் பெரும்பாலும் ஆசியால. அப்ப நம்ம ஸ்ரீபெரும்புதூர் 2006ல இருந்து நல்லா ஓடுச்சு, நேரடியாவே ஆயிரக்கணக்குல வேலை, பாதிக்கு மேல பொம்பளப் பிள்ளைக. அது 2014 நவம்பர் 1ந்தேதி நின்னுச்சு. கூலி ஏறுனதாலயா? இல்ல. வருமான வரி கேசுல ஃபேக்டரி சொத்து முடங்கி, மைக்ரோசாஃப்ட் நோக்கியாவோட போன் யாவாரத்தை வாங்குனப்ப இந்த ஃபேக்டரிய மட்டும் சேத்துக்க முடியாம போச்சு, இன்னொரு பக்கம் பட்டன் போனே செத்துட்டு இருந்துச்சு, ஆர்டர் வியட்நாம் பக்கம் போயிருச்சு. பெறகு அதே எடத்துல சார்ஜர் செய்யுற சால்காம்ப் வந்துச்சு. கூலி அதே கூலி, ஊரு அதே ஊரு, ஒரு கம்பெனி போச்சு இன்னொன்னு வந்துச்சு.

ஜுபைல் வெல்டர்:

நானும் தேவிபட்டினம் தான், இப்ப சவுதில. ஒன்ன விட்டுட்டீங்க எல்லாரும், மெஷின். அமெரிக்கால ஃபேக்டரி வேலை உச்சத்துல இருந்தது 1979, சுமார் 1.95 கோடி பேரு. 2000ல 1.7 கோடிக்கு மேல இருந்துச்சு, சீனா 2001 டிசம்பர்ல உலக வர்த்தக அமைப்புல சேந்துச்சு, 2010 தொடக்கத்துல 1.15 கோடிக்கு வந்துருச்சு. அந்த பத்து வருசத்துல சீனா அடி பலமான அடி தான், இல்லைங்கல. ஆனா ஆளு குறைஞ்ச அளவுக்கு சரக்கு குறையல, கம்மி ஆளை வச்சு செய்யுறான். இங்க எங்க யார்டுலயே பைப்பு வெல்டிங்குக்கு ஆட்டோமேட்டிக் வந்துருச்சு, முன்னாடி ஆறு பேரு நின்ன எடத்துல ஒருத்தன் பட்டனை பாத்துட்டு நிக்கிறான். வெளிநாடு போன வேலை திரும்பி வந்தாலும் ஆளுக்கு வராது, மெஷினுக்கு தான் வரும்.

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் நன்றி, அக்கா உங்க பதிலை எங்க அம்மாட்ட படிச்சு காட்டுனேன், அவுகளும் நண்டு கம்பெனி தான் முன்னாடி. சரி இப்ப நடைமுறைக்கு வாரேன், அந்த பய என்ன பண்ணனும்? ரெண்டு லைன் தான் போகுது மத்தது நிக்கும்னு சூப்பர்வைசர் சொல்றாராம். நம்பலாமா?

கீழக்கரை காக்கா:

சூப்பர்வைசருக்கே தெரியாது தம்பி, அவரை குத்தம் சொல்ல முடியாது. தம்பிய ரெண்டு விசயம் பாக்கச் சொல்லுங்க. டை, அச்சு இதெல்லாம் யாருதுன்னு கேக்கணும், நெறைய எடத்துல அது வாங்குற கம்பெனியோட சொத்து, ஃபேக்டரில சும்மா வச்சிருப்பாங்க, அதுக்கு கணக்கெடுக்க ஆளு வந்து ஸ்டிக்கர் ஒட்டுனா மத்த லைனும் கிளம்புதுன்னு அர்த்தம். இன்னொன்னு அடுத்த மாடலோட ட்ரையல் இங்க ஓடுதா? பழைய மாடல் மட்டும் ஓடி புதுசு எதுவும் வரலன்னா அந்த மாடல் சாகுற வரைக்கும் தான் அந்த ஃபேக்டரி. லைன்ல நிக்கிறத விட டூல் ரூம் (அச்சு செஞ்சு சரி பாக்குற எடம்), மெயின்டனன்ஸ் பக்கம் எப்படியாவது நுழையச் சொல்லுங்க, மெஷின் எந்த நாட்டுக்கு போனாலும் ரிப்பேர் பாக்குற ஆளுக்கு பக்கத்து ஃபேக்டரில வேலை இருக்கும். உங்களுக்கும் அதே தான், டிப்ளமோவ வச்சுக்கிட்டு ஐஸ் கம்பெனில கணக்கு எழுதாதீங்க, அங்கயே கம்ப்ரசர் பாக்குறவர் கூட நில்லுங்க, குளிர் மெஷின் தெரிஞ்ச ஆளுக்கு இந்த கரையில தூத்துக்குடி வரைக்கும் கிராக்கி.

ஆளை எடுத்தா, ஒரு வருசம் தொடர்ந்து வேலை பாத்த தொழிலாளிக்கு குறைஞ்சது ஒரு மாச நோட்டீஸ் இல்ல அதுக்கு உண்டான சம்பளம், அது போக முடிச்ச ஒவ்வொரு வருசத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம் குடுக்கணும். இது பழைய சட்டத்துலயும் இருந்துச்சு, 2025 நவம்பர்ல வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. ராஜினாமா லெட்டர் எழுதிக் குடு சீக்கிரம் செட்டில் பண்றோம்னு சொன்னா அவசரப்பட்டு கையெழுத்து போட்டுற வேணாம், ராஜினாமா குடுத்தா அந்த காசு கேக்க முடியாது.

தங்கச்சிமடத்தான்:

அவன் கம்பெனி ரோல்ல இல்ல காக்கா, கான்ட்ராக்ட்ல தான் இருக்கான். பேசிலிப்ல வேற ஏஜென்சி பேரு, அதுவும் நடுவுல ஒருக்கா மாறியிருக்கு.

கிழக்குத்தெரு:

அதான பாத்தேன்.

கீழக்கரை காக்கா:

அப்ப முதல்ல எல்லா பேசிலிப்பும், கேட் பாஸ், இஎஸ்ஐ கார்டு, பிஎஃப் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. பிஎஃப் பாஸ்புக்கை ஆன்லைன்ல எடுத்துப் பாருங்க, எந்த ஏஜென்சி எந்த மாசம் கட்டிருக்கான்னு அதுல இருக்கும், விட்டுப்போன மாசம் இருந்தா இப்பவே கேக்கணும். லைனை பிரிச்சு முடிச்சப்புறம் ஏஜென்சிக்காரன் போனை எடுக்க மாட்டான். காஞ்சிபுரம் பக்கம் லேபர் ஆபீஸ்ல போய் விசாரிக்கிறதுக்கு முன்னாடி அதே ஏஜென்சில இருக்குற மத்த பசங்க எத்தனை பேருன்னு சேத்துக்கிட்டு போங்க, ஒத்தையா போனா நாளைக்கு வாங்கம்பாங்க.